வலது மூலையில் உங்கள் அத்தை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. சர்க்கரை சற்று ஏறியிருப்பது தவிர நான் சௌக்கியம். நீங்களும் என் மகளும் சௌக்கியம்தானே?

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நீங்கள் செய்துகொடுத்த இணையப் பக்கத்தை எல்லோரும் மெச்சுகிறார்கள். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால், காலமான உங்கள் அத்தையின் படத்தை வலது மூலையில் வைத்து, "இதுக்குப் பேர் ஃபிக்ஸ்டு மாமா, எவ்வளவு ஸ்க்ரோல் பண்ணாலும் அத்தை நகரமாட்டாங்க" என்றீர்களே, அங்கேதான் வந்தது வினை. உங்கள் பெரிய கணினியில் பார்த்தபோது, கடை வாசலோர நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த அதே தோரணை. கைப்பேசியில் பார்த்தால் திரை சுருங்கிவிட்டது, அவள் சுருங்கவில்லை. தொலைபேசி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். தள்ளினால் பக்கம்தான் போகிறது. கைப்பேசியைப் படுக்கைவசத்தில் பிடித்தால் பாதித் திரையும் அவள்தான். ஒரு வாத்தியார், "எழுத்தை ஏதோ மறைக்குதுங்க, கண்ணுல புரையா இருக்குமோ" என்று பதறிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். சோதித்துப் பார்த்தேன், கண்ணில் பழுதில்லை. மறைத்தது என் மனைவி என்று எந்த வாயால் சொல்வது?

உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். "நெஜமாவே கண்ணு தெரியலையா, இல்ல கண்டும் காணாம இருக்கீங்களா?" என்று விசாரித்த பிறகுதான் வாடிக்கையாளரை உள்ளே விடுவாள். கொஞ்சம் தள்ளி உட்காரேன் என்று நான் கெஞ்சாத நாளில்லை. "நான் நகர்ந்தா கடையே நகர்ந்துடும்" என்பாள். அப்போது எரிச்சலாக வரும். இப்போது அந்த நாற்காலியில் லென்ஸ் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன். யாரும் எதற்கும் பதில் சொல்லாமல் நேரே உள்ளே வருகிறார்கள். எனக்குக் கடை பிடிக்கவே இல்லை.

இருந்தாலும் பிழைப்பு நடக்க வேண்டுமே. பெரிய திரையில் அவள் அப்படியே இருக்கட்டும். கைப்பேசியில் மட்டும் மற்ற எழுத்துகளோடு சேர்ந்து மேலே போய்விடும்படி தயவுசெய்து மாற்றிக்கொடுங்கள்.

மகளுக்கு என் ஆசி. உங்களுக்கு ஆசியும் வணக்கமும், எது தோதோ அதை முதலில் எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் மகள் பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். "அவ்வளவுதானேப்பா, அவர் இப்பவே மாத்திடுவார்" என்றாள், நீங்களும் மாற்றிவிட்டீர்கள். கைப்பேசியைத் திறந்து விரலால் தள்ளினேன். எழுத்தோடு எழுத்தாக மேலே ஏறி, அவள் போயே போய்விட்டாள். மாப்பிள்ளை, அவள் ஒரு தடவை போனதே போதும். பழையபடி உட்காரவைத்துவிடுங்கள். தொலைபேசி எண்ணை வேறெங்காவது தள்ளி எழுதிக்கொள்ளலாம். அவளுக்காகத் தள்ளி உட்கார்ந்து பழகிய குடும்பம்தானே நாம். நாற்காலியிலிருந்த பெட்டிகளை நானும் எடுத்துவிட்டேன்.