ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து அத்தான் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே என் கழுத்தைத் தவிர அனைவரும் சுகம். அங்கே உங்கள் முதுகைத் தவிர அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் பார்த்தால் 'என்னடா' என்று கூப்பிடுகிற அத்தான் எழுத்தில் 'அவர்கள்' போடுகிறாரே என்று மலைக்க வேண்டாம். கடிதத்தில் மரியாதை குறையக் கூடாது என்பது எங்கள் முதியோர் கல்வி வகுப்பு வாத்தியாரம்மாவின் உத்தரவு. இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். வரிகள் கோணலாகப் போனால் தாளைச் சாய்த்துப் படித்துக்கொள்ளவும்.

நீங்கள் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போய், அந்தக் குழாயைப் பார்த்ததும், "வண்டியை நோ பார்க்கிங்கில நிறுத்திட்டேன், இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டதாக உங்கள் அக்கா சொன்னாள். உங்களிடம் வண்டியே கிடையாது என்பதையும் அவள்தான் நினைவூட்டினாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன். ஆனால் நானும் ஓடியவன்தான், பிறகு திரும்பிப் போய் ஜெயித்தவன். ஆகவே உங்களுக்குத் தைரியம் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

சங்கதி என் கையில் தொடங்கியது. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக் கதவில் இருக்கும் 'நாய் ஜாக்கிரதை' எல்லாம் எனக்குப் படிக்க வந்து, (அவர்களிடம் நாயே இல்லை, ஆனாலும் இத்தனை நாள் பயமில்லாமல் போய் வந்தவன், படித்த பிறகுதான் பயந்தேன்) எழுதவும் வந்துவிட்ட நேரமாகப் பார்த்து வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. பென்சில் தானாக நழுவும். இப்போதுகூட விழுந்தது. எடுத்துவிட்டேன். டாக்டர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, கழுத்து எலும்புக்குள் நரம்பு நசுங்குகிறது போலிருக்கிறது, படம் எடுத்தால்தான் வைத்தியம் சொல்ல முடியும், அப்படியே விட்டால் இந்தக் கை எழுதவே எழுதாது என்றார். இந்த வயதில் வந்த எழுத்து, வந்த சூட்டோடு போய்விடுவதா? "இன்னைக்கே எடுங்க" என்று மார்தட்டினேன். குழாயை நான் அதுவரை பார்த்ததில்லை.

மைத்துனரே, நான் பேக்கரியில் காலமெல்லாம் ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளியவன். உள்ளே போகிற ரொட்டி என்ன நினைக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பின்பக்கம் நாடா கட்டுகிற அங்கி ஒன்றை மாட்டிவிட்டு, ஒடுக்கமான பலகையில் படுக்க வைத்து, முகத்துக்கு மேல் ஒரு கூண்டைப் பூட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "பயமா இருந்தா இதை அமுக்குங்க தாத்தா" என்று சொல்லி, படம் எடுக்கிற பெண் என்னை உள்ளே தள்ளினாள். மூக்குக்கு மேலே கூரை, தோளை ஒட்டிச் சுவர், இருக்கிற காற்றை எனக்கு முன்னால் யாரோ மூச்சு விட்டுத் தீர்த்துவிட்ட மாதிரி இருந்தது. பந்தை அமுக்கினேன், பிசைந்தேன், அவள் வந்து வெளியே இழுத்துக் கூண்டைக் கழற்றியதுதான் தாமதம், செருப்பைக்கூடத் தேடாமல் வராந்தாவில் நடையைக் கட்டிவிட்டேன். பின்னாலேயே உங்கள் அக்கா என் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள்.

"ஏங்க, பின்னாடி நாடா அவுந்து கிடக்குங்க! எல்லாரும் பாக்கிறாங்க!"

"பாத்துட்டுப் போகட்டும், எனக்குக் காத்தாவது வருதே!"

நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்டா. மன்னிக்கவும். சிரித்திருப்பீர்கள்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் ஆளாளுக்கு யோசனை. கடலை நினைக்கச் சொன்னான் மகன், எனக்கு நீச்சல் தெரியாது. ஆட்டை எண்ணச் சொன்னாள் மருமகள், அத்தனை ஆடும் குழாய்க்குள் வந்தால் நான் எங்கே போவது? இரண்டாம் தடவை போனபோது அந்தப் பெண் புத்திசாலித்தனமாக, உள்ளே தள்ளுவதற்கு முன்பே என் கண்மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டாள். உங்கள் அக்காவையும் பக்கத்தில் நின்று என் காலைப் பிடித்துக்கொள்ள விட்டாள்.

"தாத்தா, உங்களுக்குப் பிடிச்சது எதையாவது நினைச்சுக்கங்க. நீளமா இருக்கணும்."

"நம்ம கல்யாணத்தை நினைச்சுக்கங்க" என்றாள் உங்கள் அக்கா.

"பிடிச்சதைத்தானே நினைக்கச் சொன்னாங்க?" என்றேன். கால் கட்டைவிரலை ஒரு முறுக்கு முறுக்கினாள் பாருங்கள், பாதி பயம் அதிலேயே போய்விட்டது.

மீதி பயத்துக்கு நீங்கள்தான் மருந்து. கண்ணுக்குள் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைப்பது போல மெஷின் இரைகிறது, நான் 'மைத்துனர்' எழுதப் போய், 'மை'க்கு முன்னால் போடுகிற சங்கிலிக்கொம்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அதைச் சுழித்து முடிப்பதற்குள் ஒரு சத்தம் ஓய்ந்து வேறொரு சத்தம் வந்துவிட்டது. வண்டி இல்லாமலே நீங்கள் வண்டி எடுக்க ஓடியதை எழுதும்போது வந்த சிரிப்பை மட்டும் பல்லைக் கடித்து அடக்கினேன். கூரை எங்கே, சுவர் எங்கே என்று தேடக்கூட நேரமில்லை. "முடிஞ்சுது தாத்தா, வெளியே வரலாம்" என்று குரல் கேட்டபோது, "இரும்மா, இன்னும் 'இப்படிக்கு' போடலை" என்றேன்.

ஆகவே நீங்களும் தைரியமாகப் போய்ப் படுத்து, எனக்கு ஒரு பதில் கடிதத்தை மனதுக்குள் எழுதவும். உங்கள் முதுகு நிமிரவும், உங்கள் மனைவியான என் தங்கை உங்களைத் திட்டுவதற்குக் குனிய வேண்டாத நாள் வரவும் வாழ்த்துகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கை காலை இம்மியும் அசைக்காமல் வென்று வந்த
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பெண்ணே போன் செய்தாள். "தாத்தா, கை கால் ஆடலை, ரொம்ப சமத்து. ஆனா கழுத்துப் படம் எல்லாம் கலங்கிப்போச்சு. டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்றார். உள்ள பேசிக்கிட்டா இருந்தீங்க?"

"கடிதம் எழுதினேன்மா."

"வாயாலயா? நான் சாமி கும்பிடறீங்கன்னு விட்டுட்டேன்!"

எங்கள் வகுப்பில் எல்லோருமே வாயால்தான் எழுதுவோம். உதடு அசையாமல் எனக்கு ஒரு எழுத்தும் வராது. முதுகுக்கு எடுக்கிறவர் கொஞ்சம் முணுமுணுத்தால் அவ்வளவு மோசமில்லையாம். அதாவது, மேலே நான் சொன்ன உபாயம் உங்களுக்கு உதவும், கண்டுபிடித்த எனக்குத்தான் உதவாது. திங்கட்கிழமை மறுபடி போகிறேன். அதற்குள் வாயை மூடிக்கொண்டு எழுதப் பழக வேண்டும். உங்கள் அக்கா எதிரில் கரண்டியோடு உட்கார்ந்து, என் உதடு அசையும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். இந்தப் பின்குறிப்பின் முதல் வரிக்கு மேசை பிளந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது நிமிர்ந்து பார்த்தால், கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்குகிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பக்கத்தில் இருக்கும்போது அவள் பகலில் கண்ணயர்ந்ததே இல்லை, என் பேச்சுச் சத்தத்தில் தூக்கம் வராதாம். ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறதடா.