வெள்ளிக்கிழமை அடித்த மணி

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும், சிலருக்கு வாய் குழறும். எனக்குக் கை சும்மா இருக்காது. தாலி கட்டும் நேரத்துப் பதற்றத்தில் மாமனாரின் தோள்துண்டை உருவி என் முகத்தைத் துடைத்துக்கொண்டவன் நான். (அவர் இன்றுவரை என் பக்கத்தில் துண்டோடு உட்காருவதில்லை.)

அந்தக் கை ஒருமுறை ஓர் ஊரையே கூட்டிவிட்டது.

எழுபதுகள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நான் புது வாத்தியார், புது மாப்பிள்ளையும்கூட. மனைவி சாரதா பாபநாசத்தில். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ்ஸுக்கு நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து ஊர் நாய்கள் முதலில் துரத்தின. பிறகு பழகிப்போய் வழிவிட்டு நின்றன.

அந்த வருஷம் நடவு நேரத்தில் கூலித் தகராறு வந்தது. கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று சங்கத்துக்காரர்கள் வரப்பில் கொடி நட்டுவிட்டார்கள். வெளியூர் ஆளைக் கூட்டிவந்தால் அடிதடி நிச்சயம். அப்போதுதான் பண்ணையாருக்குக் கல்வியில் அக்கறை பிறந்தது. நடவு முடியும்வரை பள்ளிக்கூடம் வாரத்தில் நாலு நாள் நடந்தால் போதுமாம். மிச்ச நாளில் பிள்ளைகள் நாற்றுப் பறித்து 'வீட்டுக்கு ஒத்தாசையாக' இருக்கலாமாம். (யார் வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை.) ஊர் கூடித் தீர்மானம் போட்டால் பரிசீலிக்கலாம் என்று மேலிடத்திலும் சொல்லிவிட்டார்கள்.

ஒத்திகை மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டு, பள்ளி வாசல் புங்கமரத்தடியிலேயே கூட்டம் வைத்தார்கள். தலைமையாசிரியருக்குத் திடீர் வயிற்றுவலி. அதனால் கூட்டத்தை நடத்தும் பெருமை எனக்கு வந்தது.

வெளியே நான் நடுநிலை. உள்ளுக்குள் அசைக்க முடியாத நாலு நாள் கட்சி. வியாழக்கிழமை ராத்திரியே பாபநாசம் போய்விடலாமே.

என் நாற்காலியில் பண்ணையார் உட்கார்ந்தார். எதிரே கீழத்தெருக்காரர்கள், தரையில் உட்கார மாட்டோம் என்று கையைக் கட்டாமல் நின்றார்கள். நடுவில் நான் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் மரக்கிளையில் பள்ளி மணி தொங்கியது. மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டு, பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. பள்ளி தொடங்க இரண்டிரண்டாக அடிப்போம். விடும்போது இழுத்து இழுத்து. பள்ளியில் போடும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் படபடவென்று மூச்சுவிடாமல்.

"சுருக்கமா முடிங்க, வாத்தியார் தம்பி" என்றார் பண்ணையார். "நாலு நாள்ல படிக்காதவன் அஞ்சு நாள்ல படிச்சிடப் போறானா?"

சங்கத் தலைவர் கோவிந்தராசு தொண்டையைச் செருமினார். "கல்வி எங்க உரிமை. அதுல ஒரு நாளக்கூட விட்டுத்தர முடியாது."

"உரிமையா? உன் மவன் மூணு வருசமா ஒண்ணாங்கிளாசுலயே உக்காந்திருக்கானே, அதுவா?"

"அவன் நிதானமாப் படிக்கிறான். உங்களுக்கென்ன அவசரம்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். (பண்ணையார் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.)

பின்வரிசையிலிருந்து அஞ்சலை குரல் கொடுத்தாள். மூன்று பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கு அனுப்புகிறவள். "அஞ்சு நாளும் பள்ளிக்கூடம் வேணும் சார்."

"ஏன்னு சொல்லேன்" என்றார் பண்ணையார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வேணும். அவ்வளவுதான்."

பாவம், காரணம் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் புத்தி வியாழக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தது.

யாரோ யாரையோ 'கருங்காலி' என்றார்கள். பண்ணை ஆள் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான். இந்தப் பக்கம் ஒரு மண்வெட்டி தோளிலிருந்து இறங்கியது. அடி விழப்போகிற அந்த நேரத்தில் கோவிந்தராசுவுக்கு ஒரு யோசனை வந்தது.

"படிச்சவரு சொல்லட்டுமே. சார், நீங்க எந்தப் பக்கம்?"

"ஆமா, சொல்லுங்க தம்பி" என்றார் பண்ணையார்.

இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். என் கை பின்னால் போய்த் துழாவியது. கம்பி அகப்பட்டது. அடித்தேன். படபடவென்று, மூச்சுவிடாமல், தோள் வலிக்கும்வரை.

நிறுத்தியபோது ஊரே வாயைத் திறந்து நின்றது.

"எதுக்கு சார் மணி?"

"இடைவேளை" என்றேன்.

அப்போது வயல் பக்கம் சேறு கலங்கும் சத்தம் கேட்டது. வரப்பு நெடுக இடுப்பளவு சேற்றோடு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பண்ணை நாற்றங்காலிலிருந்து வந்தார்கள். சிலர் கையில் நாற்றுமுடி இன்னும் இருந்தது. வேலைநிறுத்தத்தில் அடுப்பு எரியாத வீடுகள் சங்கத்துக்குத் தெரியாமல் அனுப்பிவைத்த பிள்ளைகள். நேரே சமையல் கொட்டகைக்குப் போய், அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆளாக வந்தவன் கோவிந்தராசுவின் நிதானமான மகன்.

"அப்பா, இன்னிக்கி உப்புமா உண்டா?"

கோவிந்தராசு கொடியைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பண்ணையார் மீசையைத் தடவினார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரிய வீட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் பறந்து வந்தான். அவருடைய பேரன். கையில் வெள்ளித்தட்டு. வரிசையில் பழகிய இடம் போலப் போய் உட்கார்ந்தவன், தாத்தாவைக் கண்டதும் தட்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"வீட்டுல இல்லாததாடா இங்க இருக்கு?"

தட்டுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "வீட்டுல உப்புமா போட மாட்டேங்கிறாங்க தாத்தா."

அஞ்சலை முன்னால் வந்தாள். "பள்ளிக்கூடம் இல்லன்னா இந்த அடுப்பும் இல்ல. இத எங்க வாயால உங்க முன்னாடி சொல்லணுமாங்கய்யா? இப்ப நான் உங்க வீட்டுப் புள்ளைக்கும் சேத்துத்தான் கேக்குறேன்."

பண்ணையார் எழுந்தார். "தீர்மானமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பேரனை ஒரு கையிலும் தட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். கூலித் தகராறு அதற்குப் பிறகும் நீண்டது. பள்ளிக்கூடம் மட்டும் அஞ்சு நாளாகவே நின்றது.

தப்பித்தோம் என்று நான் பையைத் தூக்கினேன். அஞ்சலை வழிமறித்தாள்.

"எங்க போறீங்க? மணி அடிச்சீங்கல்ல, சோறு போடுங்க."

சேற்றுப் பிள்ளைகள் வரிசை கலையாமல் என்னையே பார்த்தார்கள். தலைமையாசிரியர் வயிற்றுவலியோடு சாமான் அறைச் சாவியைக் கொடுத்தனுப்பினார். அஞ்சலை சொல்லச் சொல்ல நான் அடுப்பு ஊதினேன், கோதுமை ரவை கிண்டினேன், அடி பிடிக்கவிட்டேன், பரிமாறினேன். பஸ் போயே போய்விட்டது. மறுநாள் புகை நாற்றத்தோடு போய் நின்றவனைச் சாரதா வாசலிலேயே நிறுத்தி விசாரித்தாள். முழுக் கதையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

போன வருஷம் மகள் கல்யாணப் பேச்சு. சீர் விஷயத்தில் சம்பந்தி குரலை உயர்த்தினார், என் மைத்துனர் இன்னும் உயர்த்தினார், கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்கள். என் கை, மேஜைமேல் இருந்த கரண்டியை எப்போது எடுத்தது என்று எனக்கே தெரியாது. மணப்பெண் மெதுவாக வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. வீட்டுல ரவை இல்ல."