கப்பி மாஸ்டர் இறங்கிய விதம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புவியீர்ப்பு விசையைச் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் கப்பி மாஸ்டர்தான். அந்தக் காலத்தில் பகைத்துக்கொள்வதற்கு மற்றவர்களுக்கு வேறு எவ்வளவோ இருந்தன. அவர் இதைத் தெரிவு செய்தார்.

நகரத்தில் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றில் நடந்த தனியார் ரியூட்டரியில் அவர் பிரயோக கணிதம் படிப்பித்தார். நான் வரலாறு. எங்களோடு கெமிஸ்ட்ரி மாஸ்டர் ஒருவன் இருந்தான், நல்ல தண்டிச்ச, பாரமான உடம்பு, நல்ல மனம். அங்கே ஒருவரும் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பாடத்தின் பெயர்தான். பிரயோக கணிதம் என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் மாணவர்கள் அவருக்குக் கப்பி என்று பெயர் வைத்தார்கள். அவருடைய எல்லாக் கணக்கிலும் கிணற்றுக் கப்பி ஒன்று தொங்கும். அதன் மேலால் ஒரு கயிறு போகும். கயிற்று நுனியில் யாராவது ஒரு அப்பாவி தொங்குவான். 'கப்பி ஒப்பமானது எனக் கொள்க. கயிறு இலேசானது எனக் கொள்க' என்று கணக்கு முடியும்.

உராய்வில்லாத கப்பியும் பாரமில்லாத கயிறும் எந்தக் கடையில் விற்கிறது என்று கெமிஸ்ட்ரி ஒருநாள் கேட்டுத் தொலைத்தான். அடுத்த கிழமை கப்பி பருத்தித்துறைக்குப் போய் நீல நைலோன் கயிறு ஒன்றோடு வந்தார். பூணூல் மாதிரி அதைக் குறுக்கே போட்டிருந்தார். இனி எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டுமாம். செய்து பார்க்க உயரம் வேண்டும். உயரத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது, இருந்தால் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், குடாநாட்டில் ஆளில்லாத கட்டடத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ரயில் வராத ஸ்டேசன்கள், படம் ஓடாத தியேட்டர்கள், கரண்ட் இல்லாமல் நின்றுபோன ஆலைகள். பெற்றோலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலையும் இல்லை. மூன்று சைக்கிளும் ஒரு கயிறுமாகக் கிளம்பினோம். வழியில் பார்த்தவர்கள் மாடு பிடிக்கப் போகிறோம் என்று நினைத்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

கப்பியிடம் கடுமையான சட்டங்கள் இருந்தன. பாழடைந்த இடத்திலிருந்து ஒரு ஆணிகூட எடுக்கக் கூடாது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் விவாதமில்லாமல் கீழே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், கதவே இல்லாவிட்டாலும் நிலையில் தட்டி, "உள்ளுக்கு ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்துவிட்டுத்தான் கால் வைக்கவேண்டும். இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நான் நினைத்திருந்தேன். கொக்குவிலில், தண்டவாளம் கழற்றிய ரயில் பாதையோரம் கூரை பறந்த மாடிவீடு ஒன்றில் அப்படிக் கேட்டபோது, "ஓம், இருக்கிறம். செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. வலிகாமத்தின் வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். பிளேன்டீயும் பனங்கட்டியும் தந்தார்கள். வந்த காரியத்தை மறைக்காமல், மாடி யன்னலால் கயிற்றில் இறங்க அனுமதி கேட்டார் கப்பி. அந்த அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. கொடியில் உடுப்புக் காய்கிறது, அதில் முட்டாமல் இறங்குங்கோ என்று மட்டும் சொன்னார்.

இறங்குகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு தூணில் கயிற்றை இறுக்கிக் கட்டித் தொங்கவிடுவார். அதைத் தொடைக்குக் கீழாலும் தோளுக்கு மேலாலும் எங்கள் உடம்பில் சுற்றிவிட்டு, "உராய்வு காப்பாத்தும், நம்பு" என்பார். வகுப்பில் இல்லவே இல்லை என்று அவர் சாதித்த அதே உராய்வு. கெமிஸ்ட்ரி ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவான், கீழே வந்ததும் பசிக்கிறது என்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவேன். கப்பி கடைசி ஆள். "நீங்கள் போய்ச் சைக்கிளைப் பாருங்கோ, நான் கயித்தை எடுத்துக்கொண்டு வாறன்" என்பார். கொஞ்ச நேரத்தில் கயிற்றை வளையமாகச் சுற்றித் தோளில் போட்டபடி, சட்டை கசங்காமல் நடந்து வருவார். தலைவர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று இரண்டு பட்டதாரிகள் வியந்துகொண்டிருந்தோம்.

இந்த நிலையில் கெமிஸ்ட்ரிக்குக் கலியாணம் சரிவந்தது. பெண் கொடிகாமம். அவனுடைய தாய் தகப்பன் கொழும்பில் அகப்பட்டிருந்தார்கள், பாதை மூடிக் கிடந்தது. பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், சிரித்து ஒருவரும் கண்டதில்லை. கப்பி அவரிடம் படித்தவர் என்பதால் மாப்பிள்ளை பகுதியாக அவரே போய்ப் பேசி முடித்தார். எழுத்தன்று நீ வந்து சாட்சிக் கையெழுத்து வைத்தால் மட்டும்தான் பெண் என்று அதிபர் கப்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுத்து என்றால் கலியாணப் பதிவு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரைக்கு இராகு காலம் பிறக்கும், அதற்கு முதல் கையெழுத்துகள் விழுந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் கப்பியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கவனித்திருக்க வேண்டும். பெண் வீட்டுக்குப் பின்னால், ஒரு வயல் தள்ளி, கைவிட்ட அரிசி ஆலை ஒன்று இருந்தது. அதன் தண்ணீர்த் தாங்கி தென்னைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். சம்பந்தம் செய்கிற வீட்டை மேலேயிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது முறை என்றார் கப்பி. அப்படி ஒரு முறை எந்தச் சாதி சனத்திலும் இல்லை. மாப்பிள்ளையும் தலையாட்டினான். நானும் போனேன்.

வெள்ளை நீட்டுச் சட்டையும் வேட்டியும் சால்வையுமாகக் கப்பி இரும்பு ஏணியில் முதலில் ஏறினார். பிறகு நான். கடைசியாகக் கெமிஸ்ட்ரி. அவன் மேலே கால் வைத்ததும் அவனுக்குக் கீழே ஏணியின் பாதி துருப்பிடித்த சத்தத்தோடு கழன்று விழுந்தது. கயிறு இருக்கும்போது ஏணி எதற்கு என்று நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தோம். கப்பி சிரிக்கவில்லை. பெண் வீட்டு முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தது தெரிந்தது. அதை அவர் பார்க்கவுமில்லை.

நான் இறங்கினேன். கெமிஸ்ட்ரி இறங்கினான். நீங்கள் போங்கோ, கயிற்றை எடுத்துக்கொண்டு வாறன் என்று மேலேயிருந்து வழக்கமான குரல் வந்தது. போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நேரம் போனது. திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தால் தாங்கியின் விளிம்பில் வேட்டி நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஏணி இல்லை" என்றான் கெமிஸ்ட்ரி.

"தெரியும்."

"அப்ப எப்பிடி வருவியள்?"

"யோசிக்கிறன்."

அந்த இடத்தில்தான் எங்கள் இரண்டு பட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன. கயிற்றை அவிழ்த்து எடுத்த மனிதன் எந்தக் கயிற்றில் இறங்கியிருப்பான்? ஒரு வருசத்துக்கு மேலாக இந்த ஆள் ஏணியிலும் படிக்கட்டிலும்தான் இறங்கி வந்திருக்கிறார். சுவர்ப் பக்கம் பார்த்தபடி ஏறுவார், முதுகைத் தூணில் சாய்த்து நின்று எங்களை இறக்குவார், ஒருநாளும் கீழே எட்டிப் பார்த்ததில்லை. எங்களைக் கயிற்றில் அனுப்பிவிட்டு அவர் கயிற்றில் தொங்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கெமிஸ்ட்ரிக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூன்றரை தாண்டியிருந்தது. நீ போ, நான் பிறகு வாறன் என்று கப்பி மேலேயிருந்து சொன்னார். அவர் இல்லாமல் அந்த முற்றத்துக்குப் போவதில்லை என்று இவன் புல்லில் குந்திவிட்டான். ஒரு வழி இருக்கத்தான் செய்தது. கயிற்றின் ஒரு நுனியை அவர் தன்னில் கட்டி, தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மற்ற நுனியைக் கீழே போட்டால் நாங்கள் பிடித்து மெல்ல இறக்கலாம். அவரே அதைச் சொன்னார். அருமையாக முடிச்சுப் போட்டார். நுனியையும் எறிந்தார். விளிம்பில் இருந்து எழும்ப மட்டும் அவரால் முடியவில்லை.

அப்போது வயல் வரம்பால் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே அதிபர். மாப்பிள்ளை வீட்டுச் சைக்கிள்கள் ஆலையடியில் நிற்பதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மேலே பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"வகுப்பிலை உவனை ஒருக்கா வாங்குப் பலகைக்கு மேலை ஏத்தி விட்டனான்" என்றார். "மயங்கி விழுந்திட்டான். பிறகு உவனுக்குத் தண்டனை எல்லாம் நிலத்திலைதான்."

குடையை மடக்கி வைத்தார். சால்வையை இடுப்பில் வரிந்து கட்டி, எங்களுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார்.

"இறங்கு. நான் பிடிச்சிருக்கிறன்."

மேலேயிருந்து மிக மரியாதையான குரல் வந்தது. "சேர், என்னைத் தாங்க உங்கடை நிறை காணாது."

"என்ரை மருமோனும் பிடிச்சிருக்கிறார்."

கெமிஸ்ட்ரி கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கப் போனான். நான் அவனுடைய காலை மிதித்து நிறுத்தினேன்.

கப்பி இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணை இறுக மூடி, கணக்கு ஒன்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, வேட்டி ஒரு பக்கமும் சால்வை ஒரு பக்கமுமாக மெல்லச் சுழன்றபடி வந்தார். பாதி வழியில் ஒரு கண்ணைத் திறந்து, "வணக்கம் சேர்" என்றார். அதிபரும் வணக்கம் சொன்னார். நாலரைக்குச் சற்று முதல் கையெழுத்துகள் விழுந்தன. சாட்சியின் கையெழுத்து மட்டும் நடுங்கிப்போயிருந்தது, சட்டை முழுக்க இரும்புத் துரு. அன்று அதிபர் சிரித்ததாகவும் ஒரு கதை உண்டு, நான் காணவில்லை.

திரும்பி வரும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஏன் இந்த விளையாட்டு என்று கேட்டேன். கப்பி சைக்கிளை மெதுவாக்கினார்.

"உது நானாத் தேடிக்கொண்ட பயம், வரலாறு. மற்றது அப்பிடியில்லை. வீட்டிலை இருந்தால் குண்டு போட பொம்பர் எப்ப வரும் எண்டு காது கேட்டுக்கொண்டே இருக்கும். மேலை நிண்டால் உங்கள் ரெண்டு பேரையும் இறக்கிற பயத்திலை அது கேக்காது."

என் கோபமெல்லாம் அந்த இடத்தோடு போயிற்று. அந்த மனிதரைச் சைக்கிளோடு கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் விழுவோம் என்பதால் செய்யவில்லை.

அடுத்த நாள் சோதனையில் வழக்கம்போல ஒரு அப்பாவி தாங்கியிலிருந்து தொங்கினான். கப்பி ஒப்பமானது எனக் கொள்க. கயிறு இலேசானது எனக் கொள்க. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருப்பவர்கள் விடமாட்டார்கள் எனக் கொள்க. இந்த வரி எதற்கு என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அது இல்லாவிட்டால் விடை வராது பிள்ளை என்றார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வந்து ஊரே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தபோது நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். கெமிஸ்ட்ரியின் கடிதம் வரும், பேரப்பிள்ளை படம் வரும். கப்பியைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கேயோ ஒரு தரைவீட்டில், உயரமான கதிரைகூட இல்லாத ஒரு வீட்டில், சுகமாக இருக்கிறார் எனக் கொள்கிறேன். அது இல்லாவிட்டால் எனக்கும் விடை வராது.