பாதி வரைக்கும் கேட்டவர்

"கையை ஆட்டாதே. காதைக் காட்டு" என்றார் அவர்.

மனைவியின் கைகள் இரண்டும் பாத்திரத் தொட்டிக்குள் நுரையில் இருந்தன. தலையை மட்டும் சாய்த்தாள். அவர் இயர்போனைச் செருகினார்.

"என்னங்க இது?"

"பொருளாதாரம். பாட்காஸ்ட். கை வேலை செய்யும்போது காது சும்மாதானே இருக்கு?"

"எனக்கு அதெல்லாம் புரியாது."

"புத்தகம் மாதிரி இருக்காது. ஒருத்தன் முட்டாள்தனமா கேள்வி கேப்பான். ஒருத்தி பதில் சொல்லுவா."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க."

அச்சகத்தில் பிழை திருத்துகிற அவருக்குச் சில மாதங்களாக இந்தப் பித்து. பார்ப்பவருக்கெல்லாம் சிபாரிசு. விலை ஏன் ஏறுகிறது என்கிற பகுதியை முடிவெட்டுகிறவரைக் கேட்கவைத்தார். கேட்டு முடித்த கையோடு அந்த மனிதர் கட்டணத்தை ஏற்றிவிட்டார். அப்போதே சுதாரித்திருக்கலாம்.

ஆனால் இன்றைய சிபாரிசு தர்மத்துக்கு அல்ல. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். வீட்டில் மனைவியின் தையல் இயந்திரத்தைச் சுற்றிச் சீருடைத் துணி மலையாகக் கிடந்தது. "ராத்திரிப் பாத்திரம் இனிமே உங்க பொறுப்பு" என்று அவள் ஆரம்பித்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோர நாற்காலி, முக்காலியில் கால், காதில் பாட்காஸ்ட்: அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய ராஜ்யம். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதனால்தான் வேலைப் பிரிவினை பற்றிய பகுதியைத் தேடி எடுத்தார். யாருக்கு எது நன்றாக வருமோ அதை அவரவர் செய்தால் எல்லோருக்கும் லாபம். இதைக் கேட்டபோது நாற்காலியில் அப்படித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் தூக்கத்தில் போய் முடிந்தது மட்டும் அவருக்கு நினைவில்லை.

கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் வந்தாள்.

"கேட்டியா? யாருக்கு எது நல்லா வருமோ..."

"அது பாதி வரைக்கும். அப்புறம் அந்த முட்டாள் ஒண்ணு கேட்டான் பாருங்க, ஒருத்தரே எல்லாத்தையும் நல்லா செஞ்சா என்ன பண்றதுன்னு."

அப்படி ஒரு கேள்வி இருந்ததே அவருக்குத் தெரியாது. "என்ன பண்ணணுமாம்?"

"இன்னொருத்தர் எதுல கொஞ்சம் கம்மி மோசமோ, அதை அவர் தலையில கட்டிடணுமாம். நான் பாத்திரம் தேச்சா ஒரு சட்டை போச்சு. நீங்க தேச்சா என்ன போகுது? ஒரு குறட்டை."

"நான் சிந்திக்கிற நேரம் அது."

"தாராளமா சிந்திங்க. காது வேலை செய்யும்போது கை சும்மாதானே இருக்கு?"

"தலைகீழா நின்னாலும் நடக்காது."

"நேரா நின்னாலே போதும். தொட்டி வாகாத்தான் இருக்கு."

மறுநாள் ராத்திரி அவர் தொட்டியடியில் நின்றார். பணிந்து அல்ல, திட்டத்தோடு. தேய்க்கிற லட்சணத்தைப் பார்த்து அவளே வேலையை விட்டு நீக்க வேண்டும். தட்டுகளுக்குத் தண்ணீரைக் காட்டினார், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கை ஒரு கொள்கை போலக் காப்பாற்றினார். காலையில் அவள் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்படியே திரும்ப அடுக்கில் வைத்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் முன்னால் இருந்த தட்டில் விரல் வழுக்கியது.

"பிசுக்கா இருக்கே."

"ஆமா."

"வேற தட்டு?"

"எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. என்னோடதை மட்டும் கழுவிக்கிட்டேன்." அவள் தட்டு பளபளத்தது. "நேத்து தைக்கும்போது அடுத்த பகுதி கேட்டேன். ஒருத்தன் பண்ற தப்போட நஷ்டம் அவன்கிட்டயே போய்ச் சேர்ந்தா, யாரும் சொல்லாமலே திருந்திடுவானாம். நல்லா இருந்துச்சு. உங்களுக்கும் அனுப்பியிருக்கேன்."

"நான் கேக்க மாட்டேன்."

"கேளுங்கன்னு யார் சொன்னா?"

"திருந்தவும் மாட்டேன்."

"சரி" என்று அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

அவர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தொட்டிக்குப் போகிற வழியில், நாற்காலிக் கையில் தொங்கிய இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.