வெள்ளிக் கரண்டியில் ஏறிய பேய்

கொரியாவில் சோங்ஜு பேட்டரி ஆய்வுக்கூடத்துக்குப் பேய் பிடித்துவிட்டது! பிடித்ததும் பிடித்தது, படித்தவர்களாகப் பார்த்துப் பிடித்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர்கள் வரிசைகட்டி நின்று, பூசை மேசைமேல் இளித்துக்கொண்டிருந்த பன்றித் தலையின் வாயில் பண உறைகளைச் செருகினார்கள். பன்றிக்குத் தலை மட்டும்தான் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

பேயோட்ட வந்தவர் மாங் தோசா. தோசா என்றால் அங்கே சித்தர். நம் தோசையோடு ஒரே உறவு, இவரும் திருப்பித் திருப்பிப் போடுவார்.

"பேய் இருக்கற இடத்துல வெள்ளி கறுக்கும்!" என்று அறைக்கொரு வெள்ளிக் கரண்டி வைத்தார். காலையில் கறுத்திருந்தது ஒன்றே ஒன்று, இளம் ஆராய்ச்சியாளர் தாம்ஹீயின் அறையில். கறுக்காமல் என்ன செய்யும்? அவள் வேலையே கந்தகத்தோடுதான். லித்தியம்-கந்தகப் பேட்டரியில் கந்தகம் கரைந்து மறுபக்கம் ஓடிவிடுகிறது, பேட்டரி சீக்கிரமே செத்துவிடுகிறது. அதை ஓடவிடாமல் கரிமச் சேர்மத்தோடு பிணைத்து நேர்முனை செய்வதற்காக அவள் வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தோசா கறுத்த கரண்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டார், புனித உப்பைத் தூவினார், சிவப்புத் துணியால் மூடி மந்திரம் சொன்னார். எடுத்தால், பளிச்சென்று வெள்ளை! டாக்டர்கள் கைதட்டினார்கள்.

"அந்த அறையை மூடணும். இல்லேன்னா மாசாமாசம் பூசை போடணும்!"

"கந்தகம் பட்டா வெள்ளி கறுக்கும் சார். அவிச்ச முட்டை பட்டாலும் கறுக்கும்!" என்றாள் தாம்ஹீ.

"அப்போ எப்படிம்மா வெளுத்துச்சு?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் குவாக். "பேய் போன நாத்தம் எனக்கே அடிச்சுது, அழுகின முட்டையாட்டம். சாயங்காலம் உன் அறைக்குப் பூட்டு. ஆராய்ச்சிக்கும்தான்."

தாம்ஹீக்கு அழுகை முட்டியது. ஆனால் முட்டை நாற்றம் என்றதும் மூளையில் சுருக்கென்றது. விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றினாள். அதுவும் கந்தகத்தில் கறுத்துப்போனதுதான்.

"இதுலயும் பேய் இருக்கு தோசா ஐயா, ஓட்டுங்க," என்றபடி கிண்ணத்தின் துணியை இழுத்தாள்.

"ஐயையோ, தொடாதே! பேய் உன்மேல ஏறிடும்!"

"ஏறட்டும், வாடகை வாங்கிக்கறேன்!"

கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அடியிலிருந்து கசங்கிய அலுமினியத் தாள் விழுந்தது. கிம்பாப் சோற்றுருளை சுற்றிவந்த தாள், ஓரத்தில் எள்ளுகூட ஒட்டியிருந்தது. புனித உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள், வெறும் சமையல் சோடா.

"இப்போ தாள் இல்லாம ஓட்டுங்க பாக்கலாம்!"

புது வெந்நீர், அதே உப்பு. தோசா கத்தினார், மணி ஆட்டினார், குதித்தார். மோதிரம் கன்னங்கரேலென்று கிடந்தது.

"பேய்... பேய் கோவமா இருக்கு."

தாம்ஹீ தாளைத் திரும்பப் போட்டு மோதிரத்தை அதன்மேல் வைத்தாள். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முட்டை நாற்றம் கிளம்பியது, மோதிரம் வெளுத்தது.

"ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் கறுத்த வெள்ளி, நடுவுல உப்புத் தண்ணி. இதுக்கு என்ன பேரு சார்?"

டாக்டர்கள் எல்லாரும் தங்கள் செருப்பை ஆராய்ச்சி செய்தார்கள். கடைசியில் குவாக் முனகினார்: "பேட்டரி."

அதற்குள் தோசா பன்றித் தலையை உறைகளோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடையைக் கட்டினார். நாலு டாக்டர்கள் துரத்திப்போய்ப் பிடுங்கினார்கள்.

"பூட்டெல்லாம் வேண்டாம். நீ போய் வேலையைப் பாரு தாம்ஹீ," என்றார் குவாக்.

"பாக்கறேன் சார். ஆனா பேட்டரி செய்யற நாமளே பேட்டரிக்குப் பன்றித் தலை வெச்சுக் கும்பிட்டா, ஊர்ல மத்தவங்க என்ன பண்ணுவாங்க? இனிமே கும்பிடறதுக்கு முன்னாடி கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்க!"