எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் புகழ்ந்த நாள்

பாராட்டுக்கு ஏங்கிக் கிடக்கிறவளை நீதிமன்றத்துக்கு மட்டும் அழைத்துப்போகக் கூடாது. ஜெயிக்கிற வழக்கையும் கெடுத்துவிடுவாள். நான் கெடுத்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், செங்கல்பட்டில் எங்கள் விவாகரத்து வழக்கு நடந்தது. மகள் நாலாம் வகுப்பு. நானும் அவளும் திருக்கழுக்குன்றத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தோம். ஜீவனாம்சம் கிடைத்தால்தான் தனியாக ஒரு வீடு பார்க்க முடியும். (அண்ணியின் பொறுமை பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.)

இவளால் வேலைக்குப் போக முடியும், ஜீவனாம்சம் தேவையில்லை என்பது என் கணவரின் கட்சி. எங்கள் வக்கீல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "ஒண்ணும் தெரியாதவங்க மாதிரி நில்லுங்கம்மா. வாயத் தொறக்காதீங்க." கல்யாணமான நாள் முதல் பழகிய வேலை என்பதால் தைரியமாகப் போனேன்.

கணவருடைய வக்கீல் எழுந்தார். "மனுதாரர் பி.ஏ. படித்தவர். ஆங்கிலம் சரளமாகப் பேசுவார். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கே தயங்காமல் வழி சொன்னவர். கணக்கில் கெட்டி. விருந்தினரை உபசரிப்பதில் கைதேர்ந்தவர்."

எனக்குக் காது சூடானது. கடற்கரைக் கோயில் வாசலில் அந்த வெள்ளைக்காரிக்கு வழி சொன்ன அன்று, "பெரிய தொரசானி இவ! வாய மூடிகினு வா" என்று சொன்னவர் என் கணவர், இதே மனுஷன். விருந்தினர் போன பிறகு சாம்பாரின் உப்பைப் பற்றி மட்டுமே பேசியவர். இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாரா? கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. (அந்த நிமிடம் கூப்பிட்டிருந்தால் கூடவே போயிருப்பேன். நல்லவேளை, கூப்பிடவில்லை.)

எங்கள் வக்கீல் விடுவாரா? "ஐயா, என் கட்சிக்காரருக்கு உலகமே தெரியாது. தனியா ரோடு தாண்டத் தெரியாது. இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சேர்ந்தாப்போல வராது."

"பொய்!" என்றேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு சொல்றதும்மா பொய்?"

"எங்க வக்கீல் சொல்றதுங்கய்யா. அவரு வக்கீல் சொன்னதுதான் நிஜம். ஒண்ணு விட்டுட்டாரு, தையலும் தெரியும்."

கூடமே சிரித்தது. என் கணவர் தரையைப் பார்த்தார். எங்கள் வக்கீல் அழாத குறையாக, "அம்மா, நான் உங்க கட்சிம்மா!" என்றார்.

பஸ்ஸில் அண்ணன் புலம்பிக்கொண்டே வந்தார். "ஜெயிச்சிகினு இருந்த கேசும்மா! தையலு வேற தெரியும்னு... உன்ன கேட்டாங்களா இன்னா?"

அடுத்த வாய்தாவில் நீதிபதி, "வேலை தெரியறது வேற, வேலை கையில இருக்கறது வேற" என்று சொல்லி, மகளுக்குக் கேட்டதை முழுசாகவும் எனக்குக் கேட்டதில் பாதியும் கொடுக்கச் சொன்னார். அந்தப் பாதியில் வீடு அமையவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ஓட்டலின் வரவேற்பறை வேலைக்குப் போய் நின்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் முதலாளி. எனக்கென்று எதுவும் தோன்றவில்லை. கோர்ட்டில் கணவரின் வக்கீல் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். வேலை கிடைத்தது. பிறகு வீடும்.

இப்போது மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். அவள் ஆபீஸ் கேப் கொஞ்சம் தாமதித்தாலும் வாசலில் போய் நிற்கிறேன். செங்கல்பட்டு கோர்ட் வழியாக பஸ் போனால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வீட்டில் யாராவது என் சமையலைப் புகழ்ந்தால், "உஷாரும்மா! ஜீவனாம்சத்துல எவ்ளோ கொறைக்கப் போறாங்கன்னு கேளு!" என்பாள் மகள்.

போன மாதம் அவள் நிச்சயதார்த்தத்துக்கு அவள் அப்பா வந்திருந்தார். பாயசத்தைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "நல்லா கீது" என்றார்.

"அப்பா, இனிமே கொறைக்க ஒண்ணும் இல்லப்பா!" என்று கத்தினாள் மகள். முதலில் சிரித்தவர் அவர்தான்.