சர்வர் அறையில் கைராசியார்

காலையிலேயே சர்வர் அறை வாசலில் கூட்டம். சாதாரணக் கூட்டமில்லை, முனைவர் பட்டம் வாங்கிய கூட்டம். முன்னால் இயற்பியல் பேராசிரியர், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பொருளாதாரம். அதற்கும் பின்னால் புள்ளியியல் பேராசிரியர், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு. உடம்பில் உலோகம் இருந்தால் உள்ளே இருக்கிற கணினி இயந்திரம் கூச்சப்படுமாம். செருப்பு என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள் கேள்வி கேட்டால் நன்றாகவா இருக்கும்?

உள்ளே இருந்தவர் கைராசியார்.

விஷயம் இதுதான். ஆராய்ச்சியாளர்கள் தரவைச் சேமித்து வைக்கவும், அதை வைத்துக் கணக்குப் போடவும் பல்கலைக்கழகம் சொந்தமாக ஒரு மென்பொருள் தளத்தை உருவாக்கியிருந்தது. உருவாக்கியவர் ஒரே ஒரு புரோகிராமர். துணைக்கு ஆள் கேட்டார், நல்ல நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். பகலில் எல்லோரும் ஒரே சமயத்தில் கணக்குகளை அனுப்புவார்கள். இயந்திரத்துக்கு மூச்சுத் திணறும். பாதிக் கணக்குகள் நடுவழியில் விழும். திரையில் சிவப்பு எரியும்.

சிவப்பு எரிந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், அந்த அறை ஏசியைப் பழுதுபார்க்க ஓர் ஆள் வந்து ஒரு வாரம் ஏணிமேல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அதே ஆள் வெள்ளைக் கோட்டும் விசிட்டிங் கார்டுமாகத் திரும்பி வந்தார். கார்டில் 'இயந்திர உணர்வு ஆலோசகர்' என்றிருந்தது. ஏணிமேல் இருந்தபோது எந்தப் பேராசிரியரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே அடையாளம் கண்டுகொள்ளும் ஆபத்தும் இல்லை.

வைத்தியம் எளிது. விழுந்த கணக்கின் பெயரைச் சொல்ல வேண்டும். கைராசியார் இயந்திரப் பெட்டிமேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். மூச்சை இழுப்பார். கூட்டமும் சேர்ந்து இழுக்கும். ஒரு காபி ஆறுகிற நேரத்தில் சிவப்பு பச்சையாகிவிடும்.

"எழுந்துடுச்சு, எழுந்துடுச்சு!" என்று பொருளாதாரம் துள்ளினார்.

"எழாம எங்க போகும்? பயந்து கிடந்துச்சு பாவம். தட்டிக் கொடுத்தேன்," என்றார் கைராசியார், கையைக் கைக்குட்டையால் துடைத்தபடி.

நம் புரோகிராமரே மயங்கிவிட்டார். "எழுதினது நான்தான். ஆனா எனக்கு அடங்க மாட்டேங்குது, அவருக்கு அடங்குது பாருங்க," என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லி உருகினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஊர்வலத்தில் ஓர் ஆய்வு மாணவி குறுக்கே வந்தாள். இரவு வேலை பார்க்கும் செவிலியர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. மூன்று வருஷம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து சேர்த்த தரவு. அந்தரங்க விவரம் என்பதால் தளத்துக்கு வெளியே ஒரு நகல்கூட வைக்கக் கூடாது என்பது விதி. அவள் கணக்கும் விழுந்தது. கைராசியார் தொட்டார். எழவில்லை. மறுநாள் தொட்டார். அன்றும் சிவப்பு.

கூட்டம் முணுமுணுத்தது. கைராசியார் கண் திறந்தார்.

"இந்தத் தரவுல தூக்கம் கெட்டவங்களோட பெருமூச்சு ஏறிக் கிடக்கு. இது உள்ள இருக்கிறவரைக்கும் மத்தக் கணக்கும் விழுந்துகிட்டேதான் இருக்கும். அழிச்சிடுங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். தளத்துக்குப் பொறுப்பான துறைத் தலைவர் சிரிக்கவில்லை. உத்தரவு தட்டச்சு செய்யச் சொன்னார்.

"சார், மூணு வருஷ உழைப்பு சார்," என்றாள் மாணவி.

"புரியுதும்மா. ஆனா ஒருத்திக்காக மொத்தப் பல்கலைக்கழகமும் விழணுமா? மறுபடி சேர்த்துக்கோயேன்."

"எந்த நர்ஸ் சார் போன வருஷத் தூக்கத்தை மறுபடி தூங்கிக் காட்டுவாங்க?"

"வாய் ஜாஸ்திதான் உனக்கு."

"வாய் மட்டும்தான் சார் இன்னும் அழிக்காம இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்து குடுக்காம வச்சுப் பார்ப்போம். இவர் தொடாத கணக்கு என்ன ஆகுதுன்னு யாராவது பார்த்தீங்களா?"

புள்ளியியல் பேராசிரியர் இருமினார். "அது... முதல் வருஷப் பாடத்துல இருக்கு," என்றார், யாரோ எழுதிய பாடம் போல.

மறுநாளே சோதனை. விழுந்த ஒவ்வொரு கணக்குக்கும் மாணவி நாணயத்தைச் சுண்டினாள். தலை விழுந்தால் கைராசியார் தொடலாம். பூ விழுந்தால் அந்தக் கணக்கின் பக்கமே போகக் கூடாது. அவர் தொட்டார், மூச்சு இழுத்தார். தொட்டதும் எழுந்தது. தொடாததும் எழுந்தது. எல்லாம் பச்சை.

கைராசியார் அசருகிற ஆளா? "என் கை ஒண்ணுல பட்டா பக்கத்துல இருக்கிறதுக்கும் பரவும்."

"புலம்! காந்தப் புலம் மாதிரி!" என்று இயற்பியல் பரவசப்பட்டார். கைதட்டல்.

மாணவி கூட்டத்தை விட்டுவிட்டுப் புரோகிராமரிடம் திரும்பினாள். "அண்ணா, விழுந்த கணக்கு தானா எழுந்துக்கிற மாதிரி உள்ள ஏதாவது எழுதி வச்சிருக்கா?"

"சேச்சே. அப்படி அரைகுறையா யாரு எழுதுவா?"

"ஒருதடவை பாருங்களேன்."

சலித்துக்கொண்டே நிரலைத் திறந்தார். தேடினார். நின்றார். விழுந்த கணக்கைச் சிறிது நேரம் பொறுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்லும் சில வரிகள் அங்கே இருந்தன. நெரிசல் குறைந்ததும் தானாக எழுந்துகொள்ளும்.

"எந்த மடையன்டா இதை எழுதினது?" என்றார். எழுதியவர் பெயரைக் கணினி காட்டியது. பார்த்தார். காது சிவந்தது. "நான்தான்," என்றார் மெதுவாக. "தளம் ஆரம்பிச்சப்போ அவசரத்துக்குப் போட்டது. சுத்தமா மறந்துட்டேன்."

மறதி மனித இயல்பு. ஆனால் தான் மறந்ததைத் தானே அதிசயமென்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம்.

அந்த வரிகள் வேலை செய்யாதபடி அவர் நிறுத்திவைத்தார். "இப்போ தொடுங்க," என்றாள் மாணவி.

கைராசியார் ஒரு கையை வைத்தார். சிவப்பு. இரண்டு கையையும் வைத்தார். சிவப்பு. நெற்றியை வைத்தார். நெற்றி மட்டும் சில்லிட்டது.

"இங்க யாரோ சந்தேகப்படுறாங்க. சந்தேகம் இருக்கிற இடத்துல நடக்காது."

"நான்தான் படறேன், வெளிய போயிடறேன்," என்று மாணவி போனாள். சிவப்பு. புரோகிராமர் போனார். சிவப்பு. பொருளாதாரம், இயற்பியல், புள்ளியியல் என்று வரிசையாகப் போனார்கள். கடைசியில் அறைக்குள் மிஞ்சியது கைராசியாரும் சிவப்பு விளக்கும்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தபோது துறைத் தலைவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். "எங்களை எல்லாம் முட்டாள்னு நினைச்சியாய்யா?"

"நான் எங்க சார் நினைச்சேன்?" என்றார் அந்த ஆள், கோட்டைக் கழற்றி மடித்தபடி. "ஏசி பார்க்க வந்தேன். ஏணிமேல உக்காந்திருந்தேன். விழுந்தது எல்லாம் தானா எழுந்துச்சு. உங்க கண்ணு முன்னாடியும்தான் எழுந்துச்சு. ஒருத்தராவது ஏன்னு கேட்டிருந்தா, நான் ஏசியோட போயிருப்பேனே."

போய்விட்டார்.

அழிக்கும் உத்தரவு கிழிந்தது. மாணவியின் கணக்கு ஏன் எழவே இல்லை என்று புரோகிராமரும் அவளும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெருமூச்சும் இல்லை, பேயும் இல்லை. மூன்று வருஷத் தூக்கத்தையும் ஒரே வாயில் விழுங்கச் சொல்லியிருந்தாள். அவ்வளவு நினைவகம் அந்த இயந்திரத்தில் கிடையாது. மாத வாரியாகத் துண்டு போட்டு அனுப்பினாள். பச்சை.

அவள் நிமிர்ந்து பார்த்தால், வாசலில் மறுபடி கூட்டம். முன்னால் புள்ளியியல் பேராசிரியர், செருப்பில்லாமல்.

"ஏம்மா, எங்க கணக்கும் விழுந்து கிடக்கு. உன் கையால ஒருதடவை..."

"கையை விடுங்க சார்," என்றாள் அவள். "உங்களுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கில்ல? அதைக் கொஞ்சம் வச்சுப் பாருங்க."